செத்தவீட்டில் ஒரு மீன்தலை

பிள்ளை, குறை நினையாதேங்கோ. அந்தப் பேப்பரை வாசிச்சு முடிச்சிட்டியள் எண்டால் நடுப்பக்கத்தை மட்டும் ஒருக்கால் தாறியளே? அரசியல் பக்கம் எனக்கு வேண்டாம். அதுக்குள்ளை நான் இருபத்திரண்டு வருசம் கிடந்து வந்தனான். மரண அறிவித்தல் பக்கம்தான் வேணும். இல்லை, இல்லை, அவசரமில்லை. நீங்கள் இப்பதானே வவுனியாவிலை ஏறினனீங்கள். ஆறுதலாய் வாசியுங்கோ.

நான் கிளிநொச்சியிலை இறங்கவேணும். கிளிநொச்சி வந்தால் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ, பிள்ளை. ரயில் இரண்டு நிமிசம்தான் நிக்கும். எனக்கு இப்ப பேர்ப்பலகை வடிவாய்த் தெரியிறேல்லை. இரண்டு மணிக்கு அங்கை ஒரு விசாரணை நடக்குது. ஒரு கடிதம் குடுக்கவேணும். அவ்வளவுதான் அலுவல். இந்தா, சேர்ட் பொக்கற்றுக்குள்ளைதான் கிடக்கு.

நீங்கள் வாசிக்கிறது வடமணி தானே? அந்தப் பேப்பரோட எனக்கு ஒரு கோவம் இருக்கு. என்ர மனுசி போன மாசி மாசம் மோசம் போனவ. கமலாம்பிகை. முப்பத்தொரு வருசம் ரீச்சராய் இருந்தவ. அவவின்ர மரண அறிவித்தலை வடமணி போடேல்லை. எழுதிக் குடுத்தனான், நல்ல படமும் குடுத்தனான். திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். யாழ்ப்பாணத்திலை ஒருத்தி செத்து, அது வடமணியிலை வராட்டி அவ செத்ததை ஆர் நம்புறது? கனடாவிலையிருந்து என்ர மச்சினி ரெலிபோன் எடுத்து, "அத்தான், ஏன் போடேல்லை? செலவுக்குப் பாத்தனீங்களோ?" எண்டு கேட்டவ. எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்கோ பாப்பம்.

அதுவும் எனக்கு. மரண அறிவித்தல் வாசிக்கிறதுதான் பிள்ளை என்ர உத்தியோகமே. சிரிக்காதேங்கோ. அமைச்சர் இரத்தினகோபால் எண்டு ஒருத்தர் இருந்தவர், உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள் அப்ப பள்ளிக்கூடம் போயிருப்பியள். அவற்ற இணைப்பாளர் நான். கனகசூரியம். காலமை எழும்பின உடனை வடமணியின்ர நடுப்பக்கத்தை விரிச்சு, ஆர் ஆர் செத்தது, எந்தச் செத்தவீட்டுக்கு அமைச்சர் நேரிலை போறது, எங்கை மலர்வளையம் மட்டும் அனுப்புறது, எங்கை நான் போனால் போதும் எண்டு கொப்பியிலை பிரிச்சு எழுதிக் குடுக்கிறது. அரசியல்வாதி கலியாணவீட்டுக்கு வராட்டி சனம் மறந்திடும். செத்தவீட்டுக்கு வராட்டி மறவாது.

நான் எத்தினை நூறு செத்தவீடு பாத்திருப்பன்! படலைக்குள்ளை காலை வைச்ச உடனை எனக்கு எல்லாம் தெரியும். ஆர் உண்மையாய் அழுகினம், ஆர் ஒப்புக்கு அழுகினம், அண்ணன் தம்பிக்குள்ளை காணிப் பிரச்சினை இருக்கோ, எல்லாம் தெரியும். அமைச்சரே சொல்லுவார், "கனகசூரியத்தைச் செத்தவீட்டிலை ஏமாத்தேலாது" எண்டு. இதை மறந்திடாதேங்கோ, பிறகு இதுதான் கதை.

இல்லைத் தம்பி, எனக்கு மீன் பணிஸ் வேண்டாம். வடை இருந்தால் ஒண்டு தாரும். நான் இப்ப மரக்கறிதான், பிள்ளை. ஏழெட்டு வருசமாய். விரதமெண்டு ஒண்டுமில்லை. ஒத்துவாறேல்லை, அவ்வளவுதான்.

சண்டை திரும்பத் தொடங்கின வருசம் அது. யாழ்ப்பாணத்துக்கு வாற பாதை பூட்டியாச்சு. அரிசி, மா, மண்ணெண்ணெய், எல்லாம் கப்பலிலைதான் வரவேணும். பேப்பர் அடிக்கிற ரோலும் கப்பலிலைதான். ஏத்துறதுக்கு ஒரு கையெழுத்து, இறக்குறதுக்கு ஒரு கையெழுத்து. ஒருக்கால் ரோல் முடிஞ்சு, பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கொப்பித் தாளிலை, கோடு போட்ட தாளிலை வடமணி வந்தது. வெறும் நாலு பக்கம். அதிலையும் ஒரு பக்கம் மரண அறிவித்தல். வடமணியின்ர ஆசிரியர் அரியநாயகம். அவர் சொல்லுவார், "சனம் செய்தி இல்லாமல் இருக்கும், கனகசூரியம். ஆர் செத்ததெண்டு தெரியாமல் இராது."

அமைச்சரும் அரியநாயகமும் பள்ளிக்கூடத்திலை ஒரே வாங்கிலை இருந்து படிச்சவை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஞ்சு மணிக்கு அமைச்சர் ரெலிபோன் எடுப்பார். "என்னடா இண்டைக்குத் தலைப்பு?" அரியநாயகம் சொல்லுவார், "நீ இண்டைக்கு என்ன பொய் சொன்னனீ எண்டு சொல்லு, அதுதான் தலைப்பு." இரண்டு பேரும் சிரிப்பினம். பிறகு ரோல் வந்ததோ எண்டு கேட்பார். ஒருத்தர் அரசாங்கத்தின்ர ஆள், மற்றவர் அரசாங்கத்தைக் கிழிக்கிற ஆள். பேப்பரிலை பாத்தால் பாம்பும் கீரியும். எண்டாலும் அந்த ரோலுக்குக் கையெழுத்து வாங்கிக் குடுத்தது அமைச்சர்தான். அதைக் கொண்டு திரிஞ்சது நான்.

இரண்டு பேரும் நேரிலை சந்திக்கேலாது. அமைச்சர் பத்திரிகைக் கந்தோருக்குப் போனால் அமைச்சரைச் சுடுவினம். அரியநாயகம் அமைச்சரிட்டை வந்தால் அரியநாயகத்தைச் சுடுவினம். ஆர் சுடுவினமெண்டு கேளாதேங்கோ, அப்ப எல்லாரிட்டையும் துவக்கு இருந்தது. அதுதான் நடுவிலை நான். பின்னேரத்திலை அரியநாயகத்தின்ர அறைக்குள்ளை எனக்கெண்டு ஒரு கதிரை இருந்தது, பிள்ளை. போனால் "இரும்" எண்டுவார். பிளேன்ரீ வரும். நான் ஒரு வரி வெட்டச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. "இதைக் கொஞ்சம் உள்பக்கத்திலை போடலாமே, ஐயா" எண்டு மட்டும் கேட்பன். அவரும் சிலவேளை போடுவார், சிலவேளை போடமாட்டார்.

அங்கைதான் தவபாலனும் இருந்தவன். நிருபர். முப்பது வயசு இருக்கும். ஒல்லியான பெடியன், ஆனால் குரல் கணீரெண்டு இருக்கும். அடுத்த அறையிலை அவன் கதைச்சால் இங்கை எங்கட பிளேன்ரீ ஆடும். என்னைக் கண்டால் "மந்திரி வந்திட்டார், மழை வரப்போகுது" எண்டு பகிடி விடுவான். எனக்கு அவனிலை கோவமே இல்லை. இதையும் ஞாபகம் வைச்சிருங்கோ.

ஆவணி மாசம் ஒரு கோயிலடியிலை குண்டு விழுந்தது. இடம்பெயர்ந்த சனம் வந்திருந்த இடம். ஊர்ப் பேர் வேண்டாம். அமைச்சர் ரீவியிலை பதினொரு பேர் எண்டு சொன்னவர். அவரும் என்ன செய்யிறது, கொழும்பிலையிருந்து எழுதி வந்த கணக்கு அது. தவபாலன் சைக்கிளிலை போய், மூண்டு நாள் அங்கை நிண்டு, பேரும் வயசும் ஊருமாய் எழுதிக்கொண்டு வந்தான். நாப்பத்து மூண்டு பேர். கடைசிப் பேர் ஒரு வயசுக் குழந்தை.

அண்டைக்கு அஞ்சு மணிக்கு நான் அந்தக் கதிரையிலைதான் இருக்கிறன். ரெலிபோன் அடிக்குது. அமைச்சர் சத்தம் போடுறது எனக்கும் கேக்குது. "மச்சான், இதைப் போட்டியோ என்ர கழுத்து போகும்!" அரியநாயகம் ஆறுதலாய்ச் சொல்லுறார், "நீ பதினொண்டு எண்டு சொன்னதை முன்பக்கத்திலை கொட்டை எழுத்திலை போடுறன். அதுக்குக் கீழை இந்தப் பேருகளைப் போடுறன். எத்தினை எண்டு நான் எழுதமாட்டன். எண்ணுறவை எண்ணட்டும்."

சொன்னமாதிரியே போட்டார். சனம் தேத்தண்ணிக் கடை வழிய பேப்பரை விரிச்சு வைச்சு விரலாலை எண்ணினது. அமைச்சருக்குக் கொழும்பிலையிருந்து ரெலிபோன் மேலை ரெலிபோன். இரண்டு கிழமை அவர் அரியநாயகத்தோட கதைக்கேல்லை. அடுத்த கப்பலிலை ரோலும் வரேல்லை. எனக்குத்தான் கஷ்டம். அங்கை போனாலும் நீட்டின முகம், இங்கை வந்தாலும் நீட்டின முகம்.

பிறகு வடமணிக் கந்தோரடியிலை நம்பர் இல்லாத மோட்டார்சைக்கிள் திரியத் தொடங்கிச்சுது. ஹெல்மெற் போட்ட இரண்டு பேர், வாசலிலை நிண்ட ஆளிட்டை, "தவபாலன் எத்தினை மணிக்கு வெளியிலை வாறவர்?" எண்டு மரியாதையாய்க் கேட்டிட்டுப் போயிருக்கினம். அண்டைக்கே அமைச்சர் என்னைக் கூப்பிட்டு, "அரியத்திட்டைப் போய்ச் சொல்லு, உன்ர பெடியனைக் கொஞ்ச நாளைக்கு ஒருத்தற்ற கண்ணிலையும் காட்டாதை எண்டு" எண்டவர். நான் போய்ச் சொன்னன். அது வெருட்டல் எண்டுதான் நான் நினைச்சனான். அரியநாயகம் "சரி, விளங்கிச்சுது எண்டு சொல்லும்" எண்டார். அடுத்தநாள் தொடக்கம் தவபாலனைக் காணேல்லை. இந்தியாவுக்குப் போட்டான், வைத்தியத்துக்கு எண்டு கதை.

ஒரு மாசத்துக்குப் பிறகு, காலமை நடுப்பக்கத்தை விரிக்கிறன், தவபாலன்ர படம். சுகயீனம் காரணமாய்ச் சென்னையிலை காலமானார், இறுதிக்கிரியைகள் அங்கேயே நடந்தன எண்டு கிடக்கு. உண்மையாய்ச் சொல்லுறன், அண்டைக்கு நான் அழுதனான்.

அமைச்சரின்ர அனுதாபச் செய்தியை நான்தான் எழுதினன். அருமையாய் வந்தது. "அஞ்சாத பேனை ஓய்ந்தது" எண்டு தொடங்கினனான். அமைச்சர் அதை இரண்டுதரம் வாசிச்சவர். அவற்ற வாயோரத்திலை ஒரு சிரிப்பு மாதிரி வந்து போச்சுது. "நல்லாயிருக்கு. முன்பக்கத்திலை போடச் சொல்லு" எண்டார். அரியநாயகமும் மறுபேச்சில்லாமல் முன்பக்கத்திலை போட்டவர். ஆகா, இரண்டு பேரும் திரும்ப ஒண்டாகிட்டினம் எண்டு நான் சந்தோசப்பட்டன்.

நாலாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனன். என்னை ஒருத்தரும் போகச் சொல்லேல்லை. அமைச்சர், "அங்கை போகத் தேவையில்லை, அறிக்கை போதும்" எண்டுதான் சொன்னவர். எண்டாலும் பழகின பெடியன். போகாமல் இருக்கேலுமோ? ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனன். தாய் இராசமலர், மகளைக் கட்டிக்குடுத்திட்டுத் தனிய இருந்த மனுசி. வெள்ளைச் சீலை கட்டி, தலை வாரி இழுக்காமல், விறாந்தையிலை இருந்தவ. படத்துக்கு மாலை போட்டு விளக்கு எரியுது. என்னைக் கண்ட உடனை அழுதவ. நான் சுவரோரம் கிடந்த கதிரையிலை இருந்தன்.

அப்பதான், பிள்ளை, குசினிப் பக்கத்தாலை ஒரு பூனை வருது. வாயிலை ஒரு மீன்தலை. விளைமீன்ர தலை, இந்தளவு பெரிசு. மஞ்சள் பிரட்டினது. முற்றத்தாலை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னாலைதான் போகுது.

செத்தவீடு. நாலாம் நாள். எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுகூடக் கழியேல்லை. சைவ ஆக்கள். பெத்த தாய் இருக்கிற வீட்டிலை மீனோ?

தாய் பூனையைப் பாத்தா. பிறகு நான் பாக்கிறதைப் பாத்தா. "பக்கத்து வீட்டுப் பூனை, தம்பி" எண்டா. அழுகை அப்பிடியே நிண்டு போச்சுது. நான் எழும்பி வந்திட்டன். செத்தவீட்டிலை போட்டுவாறன் எண்டு சொல்லுறேல்லைத் தானே.

எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், பெடியன் சாகேல்லை எண்டு. மற்றப் பக்கம், என்னை ஏமாத்தேலுமோ எண்டு ஒரு இது. நேரை அமைச்சரின்ர அறைக்குப் போய்க் கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னன். "ஐயா, அரியநாயகம் எங்களுக்குச் சுத்திப்போட்டார். அந்த வீட்டிலை பூனை மீன்தலை இழுக்குது." அவர் சிரிப்பார் எண்டு நினைச்சன். அவற்ற முகம் வெளுத்துப் போச்சுது. "உன்னை ஆர் அங்கை போகச் சொன்னது?" எண்டார். பிறகு, "வேறை ஆருக்குச் சொன்னனீ?" எண்டார். ஒருத்தருக்கும் இல்லை எண்டன். "சொல்லாதை. வாயைத் திறவாதை" எண்டவர். ஒரு துண்டு எழுதி ஒட்டி, டிரைவரைக் கூப்பிட்டு, "இதை அரியத்தின்ர கையிலை குடு" எண்டு அனுப்பினார்.

டிரைவரை, பிள்ளை! நான் முன்னுக்கு நிக்கிறன். பதினாலு வருசம் அந்த இரண்டு பேருக்கும் நடுவிலை துண்டு கொண்டு திரிஞ்ச ஆள் நான். அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. அரியநாயகம் தனியச் செய்யேல்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த அறிவித்தலைப் போட்டிருக்கினம். பேப்பரிலை கடிபட்டுக்கொண்டு, பின்னாலை ஒரு பெடியனைக் காப்பாத்த இரண்டு பேரும் ஒரு பொய்யைச் செய்திருக்கினம். எனக்குச் சொல்லேல்லை. என்னைக் கொண்டே அனுதாபச் செய்தியும் எழுதுவிச்சிருக்கினம். நான் அழுதுகொண்டு எழுதினது. நீங்களே சொல்லுங்கோ, இது ஒரு மனுசனுக்குச் செய்யிற வேலையோ? என்னை நம்பியிருந்தால் நான் அந்த வீட்டுப் பக்கமே போயிருக்கமாட்டன். பிழை ஆரிலை?

இது மாங்குளம் தானே? அப்ப இன்னும் கிடக்கு.

அடுத்தநாள் மத்தியானத்துக்குப் பிறகு, பட்டப்பகலிலை, மூண்டு மணிக்கு வெள்ளை வான் ஒண்டு அந்த வீட்டு வாசலிலை வந்து நிண்டிருக்கு. நேரை குசினிக்குள்ளை போயிருக்கினம். பின்னேரம் இருட்டின உடனை ஆளை வேறை இடத்துக்கு மாத்துறதுக்கு அரியநாயகம் ஒழுங்கு செய்திருந்தவராம். இரண்டு மூண்டு மணித்தியாலம்தான் பிந்திப் போச்சுது.

நான் அமைச்சரைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சாமி அறியச் சொல்லுறன். அமைச்சரைச் சுத்தி எத்தினை பேர், அவற்ற டிரைவர் ஆர் எவரோ, அந்தத் துண்டை ஆர் பிரிச்சுப் பாத்தினமோ. எனக்கென்ன தெரியும்.

இப்ப கேளுங்கோ. தாய் பொலிசுக்குப் போனவ, மகனைக் கடத்திப்போட்டாங்கள் எண்டு. அங்கை இருந்தவர் லாச்சியைத் திறந்து வடமணியை எடுத்து மேசையிலை விரிச்சிருக்கிறார். ஒரு பக்கம் மரண அறிவித்தல், மற்றப் பக்கம் அமைச்சரின்ர அனுதாபச் செய்தி. "செத்த ஆளை எப்பிடியம்மா கடத்துறது? நீங்கள்தானே படத்தோட போட்டிருக்கிறியள்" எண்டு கேட்டிருக்கிறார். முறைப்பாடு எடுக்கேல்லை. மனித உரிமைக்காரரிட்டைப் போனாலும் அதே பேப்பர். வெளிநாட்டாக்கள் வந்து கணக்கெடுத்தாலும் அதே பேப்பர். காணாமல் போனவை எண்ட பட்டியலிலை அவன்ர பேர் இல்லை. இண்டை வரைக்கும் இல்லை. நான் எழுதின அந்தச் செய்தியை எத்தினை பேர் வாசிச்சிருப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

அமைச்சர் வாய் திறந்திருக்கலாம். திறக்கேல்லை. திறந்தால் அவரும் போவார், அரியநாயகமும் போவார். கொழும்பிலை மாரடைப்பிலை அவர் செத்தது அடுத்த வருசம். அரியநாயகம் சண்டை முடிஞ்ச பிறகு, "நான் பொய்யான அறிவித்தல் போட்டனான்" எண்டு முன்பக்கத்திலை எழுதி, விசாரணையளிலையும் போய்ச் சொன்னவர். "பொய் போட்டதெண்டு நீங்களே சொல்லுறியள், இப்ப சொல்லுறதை மட்டும் எப்பிடி நம்புறது? வெளியாள் ஒருத்தரைக் கொண்டு வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டினம்.

வெளியாள் ஆர்? நான்தான். அறிவித்தல் வந்து நாலாம் நாள் அந்த வீட்டுக்குப் போய், அது செத்தவீடு இல்லை எண்டு கண்ட ஒரே ஆள்.

என்ர மனுசியின்ர அறிவித்தலைக் கொண்டு நான் போகேக்கை, அரியநாயகம் அந்தப் பழைய கதிரையிலை என்னை இருக்கச் சொல்லேல்லை. நிண்டுகொண்டுதான் குடுத்தன். வாசிச்சார். "கமலாம்பிகை ரீச்சர் நல்ல மனுசி" எண்டார். பிறகு தாளைத் திருப்பி என்னட்டை நீட்டினார். "கனகசூரியம், இந்தப் பக்கத்திலை நான் திருத்தவேண்டிய அறிவித்தல் ஒண்டு கிடக்கு. அதை நீர் திருத்தித் தாரும். அதுக்குப் பிறகு உம்மட மனுசியின்ரையைப் போடுறன். காசும் வேண்டாம்." செத்த வீட்டுக்காரனோட பேசுற பேச்சோ அது? நான் தாளைப் பறிச்சுக்கொண்டு வந்திட்டன்.

ஆனால் பிள்ளை, பேப்பரிலை வராமலே செத்தவீட்டண்டைக்கு ஒரு ஆள் வந்தவ. இராசமலர். இப்ப கிளிநொச்சியிலை மகளோட இருக்கிறா. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறா. பெண்டுகளுக்குள்ளை இருந்து, கமலாம்பிகையின்ர காலைத் தொட்டு அழுதவ. பொய்யழுகை இல்லை, எனக்குத் தெரியும் தானே. வெளிக்கிடேக்கை எனக்குக் கிட்ட வந்தா. நான் பயந்து போனன், பேசப்போறா எண்டு.

அவ பேசேல்லை. "தம்பி, அந்த மீனை வாங்கினது நான்தான். அவன் கேக்கேல்லை. நாலு நாளாய் வெறும் பருப்போட சாப்பிடுறானே எண்டு எனக்கு மனம் கேக்கேல்லை. என்ர மடத்தனம்" எண்டா. "நீங்கள் அந்தத் தலையைக் கண்டனீங்கள் தானே? கண்டனான் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. அவன்ர பேரைப் பட்டியலிலை சேர்ப்பினம். செத்தான் எண்டு கிடக்கிற வரைக்கும் அவனை ஒருத்தரும் தேடமாட்டினம், தம்பி."

பாத்தியளே, தாயே சொல்லிப்போட்டா, பிழை தன்னிலைதான் எண்டு. எனக்கு அண்டைக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்தது. ஒரு கிழமை நல்லாய் நித்திரை கொண்டன். பிறகு அந்த நித்திரையும் போச்சுது.

இப்ப கடிதம் எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறன். கொழும்பிலை இருக்கிற என்ர மகள் ரைப் பண்ணித் தந்தவ. கையெழுத்து மட்டும் வைக்கேல்லை, அங்கை அவைக்கு முன்னாலை வைப்பம் எண்டு. இண்டைக்குத்தான் கடைசி அமர்வாம். இராசமலர் வாசலிலை நிப்பன் எண்டு சொல்லியிருக்கிறா. குடுக்கத்தான் போறன். குடுக்காமல் என்ன?

ஒரேயொரு யோசினைதான். மீன்தலையைக் கண்டனீர், சரி. பிறகு அதை ஆருக்குச் சொன்னனீர் எண்டு கேப்பினமே?

அது சொன்னது எண்டு இல்லை, பிள்ளை. மீன்தலையைக் கண்ட அடுத்தநாள் காலமை ரோல் விசயமாய் ஒரு அதிகாரியிட்டைப் போனனான். அமைச்சர் அனுப்பேல்லை, நானாய்த்தான் போனனான். என்னை ஒதுக்கினவைக்கு, நான் இல்லாட்டி ரோல் வராது எண்டு காட்டவேணும் எண்டு ஒரு ரோசம். அந்த மனுசன் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தது, கையெழுத்து வைக்க மனமில்லை. தேத்தண்ணி வந்தது. ஆளைக் கொஞ்சம் சிரிக்க வைப்பம் எண்டு, சும்மா பம்பலுக்கு, "எங்கட ஊர்ச் செத்தவீடுகளிலை இப்ப பூனையும் மீன் தின்னுது, சேர்" எண்டன். பேர் சொல்லேல்லை. எந்த வீடு எண்டு அவர் கேட்டவர். நான் சிரிச்சுக்கொண்டு... எனக்கு வடிவாய் ஞாபகம் இல்லை. அவரும் சிரிச்சார். நாலு ரோலுக்குக் கையெழுத்து வைச்சுத் தந்தார். அந்த ரோலிலைதான் அந்த மாசம் முழுக்க வடமணி அடிச்சது. அதை ஆரும் சொல்லுகினமே? இல்லை.

இதைப் பேந்து எங்கையும் எழுதிப்போடாதேங்கோ, பிள்ளை. முகம் தெரியாத ஆள் எண்டபடியால் சொல்லுறன்.

என்ன? கிளிநொச்சியோ? வந்திட்டுதோ? ஓம், நிக்குதுதான். கூட்டமாய் இறங்குகினம். இருங்கோ, அந்த ஆக்கள் இறங்கட்டும். என்ர முழங்கால் உடனை நிமிராது.

கடிதத்திலை பூனையைப் பற்றி மட்டும்தான் எழுதினனான். ஆளைக் காணேல்லை எண்டும் எழுதியிருக்கிறன். அது உண்மை, நான் காணேல்லை. கேட்டனான். நான் எழும்பேக்கை அந்தப் பூனை திரும்பக் குசினிக்குப் போச்சுது. உள்ளையிருந்து "சூ" எண்டு ஒரு ஆம்பிளைக் குரல். அந்தக் குரல் எனக்குத் தெரியாதே? எத்தினை வருசம் பக்கத்து அறையிலை கேட்டனான். ஒரு "சூ" தான். எண்டாலும் அது தவபாலன். உயிரோட இருந்தவன். இதைத்தான் எழுதியிருக்கவேணும். எழுதினால் பிறகு எல்லாத்தையும் எழுதவேணும்.

அங்கை பாருங்கோ, பிளாட்போமிலை, வெள்ளைச் சீலையோட ஒரு மனுசி ஒவ்வொரு பெட்டியாய்ப் பாத்துக்கொண்டு வாறா. வாசலிலை நிப்பன் எண்டுதானே சொன்னவ. ஸ்ரேசனுக்கே வந்திட்டாவோ? எனக்குக் கண் தெரியேல்லை. அவவோ எண்டு நீங்களும் சொல்லேலாது, நீங்கள் அவவைக் கண்டதில்லையே.

விசில் ஊதுறான். சரி.

வெளிக்கிட்டிட்டுது. பாத்தியளே, கதைச்சுக்கொண்டிருந்ததிலை விட்டிட்டன். நீங்கள் கொஞ்சம் முன்னமே சொல்லியிருக்கலாம், பிள்ளை. நீங்கள் ஏறின உடனை உங்களிட்டைச் சொல்லி வைச்சனான் தானே?

பரவாயில்லை, விடுங்கோ. அந்த நடுப்பக்கத்தைத் தாங்கோ, ஆர் ஆர் எண்டு பாப்பம்.